பித்தளைக் கண்ணாடியும் கறுப்புக் கண்ணாடியும்

செங்குளவிப்பட்டிக்குக் கிழக்கே இருந்த மலை ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டதற்கு மொக்கராசுவின் ஏர்கன் துப்பாக்கியில் குறி பார்க்க மாட்டியிருந்த பழைய பித்தளைக் கண்ணாடிதான் காரணம் என்பதில் எங்களுக்குள் எந்தச் சண்டையும் இருந்ததில்லை. அதைக் கழற்றிவிட்டுப் புதுசாக ஒன்று வாங்கி மாட்டுவதா, இல்லை இருக்கிறதே இருக்கட்டும் என்று விடுவதா என்பதில்தான் ஒரு திராட்சை மகசூல் முழுக்க நாங்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்தோம். மலை நகர்ந்தது எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. எங்கள் ஊருக்கு வரவேண்டிய ரோடு வரவில்லை, வரவேண்டிய தண்ணீர்க்குழாய் வரவில்லை, யாரும் கேட்காத மலை வந்தது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டோம்.

எங்கள் ஊரில் தோட்டத்துப் பறவையை யாரும் சுடுவதில்லை. கிளியின் ரத்தம் ஒரு சொட்டு கொடியில் விழுந்தால்கூட அந்தப் பந்தலில் மறு வருஷம் பழம் புளிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை, வனத்துறைக்காரர்கள் வந்து வழக்குப் போடுவார்கள் என்பது எங்கள் பயம், இரண்டும் சேர்ந்து ஒரு வழக்கத்தை உண்டாக்கியிருந்தன. பந்தல்களுக்கு நடுவே மூங்கில் கம்புகளை நட்டு எண்ணெய் டின்களின் மூடிகளை அதில் கட்டித் தொங்கவிடுவோம். தோட்டங்களின் கிழக்கு ஓரத்தில் ஒரு பரண் இருக்கும். பரணில் உட்கார்ந்திருக்கிற காவலாள், கிளியும் மைனாவும் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்துத் தகரத்தை ஏர்கன்னால் குறி பார்த்து அடிப்பான். ரவை பட்டுத் தகரம் ணங்கென்று அலறியதும் பறவைகள் எழுந்து பக்கத்து ஊர்த் தோட்டத்துக்குப் போய்விடும். பக்கத்து ஊர்க்காரர்களும் இதையே செய்ததால் அவை திரும்பவும் எங்களிடமே வரும். இப்படி வருஷக்கணக்காக இரண்டு ஊரும் பறவைகளைப் பந்தாடிக்கொண்டிருந்தோம்.

மொக்கராசு எங்கள் காவலாள். சொந்தமாக ஒரு செண்டு நிலம் கிடையாது, ஆனால் எல்லோருடைய நிலத்துக்கும் அவன்தான் கண். துப்பாக்கியும் அதன் மேலிருந்த கண்ணாடியும் மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களாவில் சாமான்களை ஏலம் விட்டபோது எங்கள் திராட்சை விவசாயிகள் சங்கம் எடுத்தவை. கண்ணாடி என்றால் ஒரு விரல் தடிமனுக்குப் பித்தளைக் குழாய், இந்த முனையில் ஒரு சின்னச் சில்லு, அந்த முனையில் கொஞ்சம் பெரிய சில்லு, உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு கூட்டல் குறி. இமை உரசுகிற அளவுக்குக் கண்ணைக் கொண்டுபோய் வைத்தால்தான் அதில் ஏதாவது தெரியும், தெரிவதும் மஞ்சள் பூத்துத்தான் தெரியும், பொழுது சாய்ந்தால் ஒரேயடியாக மங்கிவிடும். ஆனாலும் அந்தக் கூட்டல் குறி ஒரு நாளும் இடம் மாறியதில்லை.

அவனுடைய மனைவி ஒச்சம்மா. அவர்களுக்குப் பவுனு என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. பழம் பறிக்கிற சமயத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, மதியத்துக்கு மேல் கண் சொருக ஆரம்பித்ததும் ஒச்சம்மா பரணடிக்கு ஓடிவந்து கூப்பிட்டாள். "இந்தக் கூட்டத்தக் கெளப்பி விட்டுட்டு வந்துர்றேன், நீ போயி வெந்நி வையி" என்றான் அவன். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இன்னொரு கூட்டம் வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. அவன் பரணை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனபோது தெருவே வாசலில் நின்றது. எங்கள் வழக்கப்படி சின்னக் குழந்தைகளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தோட்டங்களுக்குக் கிழக்கே கிடந்த வானம் பார்த்த பூமியில், ஒற்றையாக நின்ற இலவமரத்தடியில் அவனே குழி வெட்டினான். காரியம் முடிந்ததும் ஒச்சம்மா ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு, அந்த மரத்தைக் கடந்து, மலையடிவாரத்தில் பாறையடி என்கிற சிற்றூரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவும் செத்துப்போன வீடு அது. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் சமாதானம் பேச நாங்கள் யாராவது போயிருப்போம். அவள் ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.

அதற்குப் பிறகு மொக்கராசு வீட்டில் படுப்பதை விட்டுவிட்டான். சாயங்காலம் பறவைகள் அடைந்ததும், துப்பாக்கியைப் பரணின் கைப்பிடிக் கம்பில் சாய்த்து வைத்து, கண்ணாடியின் கூட்டல் குறியைப் பாறையடியில் அந்த வீட்டின் விளக்கு எரிகிற ஜன்னல்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்தக் கண்ணாடியின் குணம் அப்போதுதான் வெளிப்பட்டது. தகரத்தைக் குறி பார்க்கிறவன் ஒரு மூச்சை அடக்குகிற நேரம் பார்ப்பான், அதனால் தகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்த்தால் ஒன்றும் ஆகாது. பார்த்துக்கொண்டே இருந்தால் பக்கத்தில் வரும்.

வீடு வந்தது. வீடு அஸ்திவாரம் தோண்டாமல் பாறைமேல் கட்டியது, பாறை மலையோடு சேர்ந்தது, ஆகவே கயிற்றை இழுத்தால் மாடு வருவதுபோல வீட்டை இழுத்ததும் பாறையடியும் அதன் பின்னால் மலையும் சேர்ந்து வந்தன. சத்தமில்லாமல், ஒரு கல்லும் உருளாமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து, கடைசியில் பாறையடியின் பின்பக்கச் சுவர்கள் எங்கள் தோட்ட வேலிக்கு அந்தப் பக்கம் நின்றன. இடையில் ஒரு ஆள் கால் அகட்டி வைத்தால் தாண்டிவிடுகிற அகலத்தில் ஒரு சந்து மட்டும் மிச்சம் இருந்தது. முதலில் கண்டுபிடித்தவர்கள் ஆடு மேய்க்கிறவர்கள். காலையில் ஓட்டிக்கொண்டு போன ஆடு உச்சி வெயிலுக்கு முன்பே வயிறு நிறைந்து திரும்பியதும், புல் கிட்டே வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். பிறகு பெண்கள் மலையடி ஊற்றுக்கு இரண்டு நடை போய்வர ஆரம்பித்தார்கள். பாறையடி அம்மன் கோவில் மைக்கில் பேசுவது எங்கள் வீடுகளில் கேட்டது, அந்த ஊர் நாய்களுக்கும் எங்கள் ஊர் நாய்களுக்கும் எல்லைத் தகராறு வந்து தீர்ந்தது, பஸ் கண்டக்டர் இரண்டு ஸ்டாப்பை ஒன்றாக்கி ஒரே டிக்கெட் கொடுத்தார், அதிகாரிகள் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டு, அளந்தது தப்பு என்று எழுதிக்கொண்டு போனார்கள். மாலையில் மேகம் இறங்கி எங்கள் கொடியில் காயப்போட்ட துணியை ஈரமாக்கியது. அதற்கும் பழகிக்கொண்டோம்.

காணாமல் போன நிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அது யாருக்கும் பட்டா இல்லாத காடு, முள்ளும் ஒரு மரமும்தான் அதில் இருந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

வேறு ஆசைகள் இல்லாமல் இல்லை. மலையே வரும்போது மற்றது வராதா என்று ஆளாளுக்கு ஏணியில் ஏறி மொக்கராசுவிடம் துப்பாக்கியைக் கேட்டு வாங்கி, சினிமாக் கொட்டகையை ஒருவன் பார்த்தான், ரேஷன் கடையை ஒருவன் பார்த்தான், மாமனாருடைய தென்னந்தோப்பை ஒருவன் கண் சிவக்கச் சிவக்கப் பார்த்தான். ஒரு ஓலைகூட அசையவில்லை. கண்ணாடி மொக்கராசுவின் கண்ணுக்குத்தான் கட்டுப்படுகிறது என்று முடிவு செய்து எல்லோரும் இறங்கிவிட்டோம். அந்த முடிவு தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

சண்டை பழத்தில் ஆரம்பித்தது. கிழக்கே மலை நின்றதால் சூரியன் எங்கள் பந்தலுக்கு வர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. கொடி தழைத்தது, இலை பெருத்தது, பழம் கறுத்தும் இனிக்கவில்லை. நிழலில் வெண்பூசணம் வேறு பிடித்தது. சங்கத் தலைவர் கூடலிங்கம் மந்தையில் ஊரைக் கூட்டினார்.

"நடந்தது நடந்து போச்சு. இன்னும் அவன் பாத்துக்கிட்டே கெடந்தா மலை நம்ம அடுப்படிக்குள்ள வந்துரும்" என்றார் அவர். "கோயமுத்தூர்ல புதுக் கண்ணாடி விக்கிறான். மூணு மடங்கு பெருசாவும் வச்சுக்கலாம், ஒம்போது மடங்கும் வச்சுக்கலாம். இருட்டுல செவப்புப் புள்ளி எரியும். அது காட்டுமே ஒழிய இழுக்காது. அத வாங்கி மாட்டிருவோம்."

கூலி வேலைக்குப் போகிற பெண்கள் பக்கத்திலிருந்து சிலம்பாயி எழுந்தாள். "பழசு இருந்தா என்ன கொறையிதுங்கிறேன்? மலை வந்தபெறகுதான் எங்களுக்கு இடுப்பு வலி நின்னுருக்கு. ஒங்க பழம் இனிக்கணும்னு நாங்க மறுபடி கொடத்தத் தூக்கிக்கிட்டு நடக்கணுமா?"

"மலையத் திருப்பி அனுப்பச் சொல்லலம்மா. இனிமே இழுக்க வேணாம்னுதான் சொல்றேன்."

"இன்னுங் கொஞ்சம் இழுத்தா ஊத்து எங்க தெருவுக்கே வந்துரும்."

அன்றிலிருந்து ஊர் பழசு, புதுசு என்று இரண்டாகப் பிரிந்தது. டீக்கடையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் ஒரு ரவைகூடச் சுட்டிராதவர்கள் எல்லாம் கண்ணாடிகளின் லட்சணம் பேசினார்கள். பழசில் வெளிச்சம் பத்தாது என்று ஒருவர் சொன்னால், பத்தாத வெளிச்சத்திலும் குறி தப்பாதே என்பார் இன்னொருவர். புதுசில் கிட்டத்துக்கும் எட்டத்துக்கும் தனித்தனியாகத் திருகி வைக்கலாம் என்றால், திருகு இருந்தால் கழன்றுபோகவும் இருக்கும் என்பார்கள். பித்தளை துரு ஏறாது, அலுமினியம் கனம் இல்லை, பழசு நம்பிக்கை, புதுசு வசதி என்று பேசிப் பேசி மச்சினனும் மாமனும் பேச்சு வார்த்தையை நிறுத்தினார்கள். மொக்கராசுவிடம் யாரும் கேட்கவில்லை. அவனும் பரணைவிட்டு இறங்கி வரவில்லை.

கடைசியில் புதுசு வந்தது. கறுப்பாக, முழங்கை கனத்தில், மேலேயும் பக்கத்திலும் திருகுகளோடு வந்த முதல் கண்ணாடி ஒரு வாரம் தாங்கவில்லை. பெரிய துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும். எங்கள் ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் உதைத்து முன்னாலும் உதைக்கும். அந்த உதையில் கண்ணாடிக்குள் இருந்த கூட்டல் குறி கழன்று பெருக்கல் குறியாகச் சாய்ந்துவிட்டது. பழசுக்காரர்கள் டீக்கடையில் பாயசம் காய்ச்சாத குறைதான். கூடலிங்கம் மறுபடி கோவைக்குப் போய், ஏர்கன்னுக்கென்றே செய்த இன்னொன்றை வாங்கி வந்தார். அது நின்றது. அதில் பார்த்தால் தகரத்தில் இருக்கிற துருப்பொட்டு தெரிந்தது, கிளியின் கழுத்து வளையம் தெரிந்தது, பாறையடிப் பெண்கள் சோற்றில் என்ன குழம்பு ஊற்றிப் பிசைகிறார்கள் என்பதுகூடத் தெரிந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் எதுவும் வரவில்லை.

பித்தளைக் கண்ணாடியைக் கிணற்றில் போடச் சொன்னார்கள். மொக்கராசு சரி என்று தலையாட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் பின்மதியத்தில் ஒச்சம்மா வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் அவ்வளவு நாளும் இருந்தாள். ஜன்னல் பரணைப் பார்த்துத் திறந்திருந்தது. ஆனால் அவளும் பேசவில்லை, அவனும் பேசவில்லை, பக்கத்தில் இருப்பதே போதும் என்று அவன் இருந்துவிட்டான். அவள் கையில் ஒரு கிண்ணத்தில் பால் இருந்தது. பரணுக்குக் கீழே நின்று மேலே பார்த்தாள்.

"மரம் எங்க மச்சான்?" என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை.

"வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை போயி அவளுக்குப் பால் ஊத்துவேன். வீடு நகர நகர மரத்துக்குப் போற வழி கம்மியாகிக்கிட்டே வந்துச்சு. கிட்ட வந்துருச்சு, நல்லதுதான்னு நெனச்சேன். அடுத்து ஒரு நாள் பாத்தா இலவமரத்த ஒட்டி எங்க சொவரு. அதுக்கடுத்து மரமே இல்ல. இப்ப சொவருக்கும் வேலிக்கும் நடுவுல சந்துதான் இருக்கு. எம்புள்ள எங்க மச்சான்?"

மொக்கராசு ஏணியில் இறங்கினான், பாதியில் நின்றான், பிறகு இறங்கினான். குறி பார்த்தே பழகியவன் செய்கிற தப்பைத்தான் அவன் செய்திருந்தான். ஒரு கண்ணை மூடி, கூட்டல் குறிக்குள் விழுவதை மட்டும் பார்த்தான். வீடு வருகிறது என்று பார்த்தானே தவிர, எதைத் தின்றுகொண்டு வருகிறது என்று பார்க்கவில்லை. தன் கையால் வெட்டின குழியைத் தன் கண்ணாலேயே மூடிவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அழக்கூட வராமல் சந்தின் வாயில் போய் உட்கார்ந்தான்.

"எனக்குத் தோணல ஒச்சம்மா. நெசமாவே தோணல. நாந்தான் இழுத்தேன், எல்லாம் நாந்தான்."

"நீங்க மட்டும் இழுத்தா வந்திருக்குமா?" என்றாள் அவள். "ஊர்க்காரங்க எல்லாரும் பாத்தாங்களே, எது வந்துச்சு? நானும் ஜன்னல்ல நின்னு ஒங்களப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். தெனமும். கோவத்துலதான் பாத்தேன். ஆனாலும் பாத்தேன்."

கண்ணாடியின் மீதிக் குணம் அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. எதிரில் இருப்பது திரும்பிப் பார்த்தால்தான் அது வேலை செய்யும். சினிமாக் கொட்டகையும் தென்னந்தோப்பும் எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அவன் மடியிலிருந்து பித்தளைக் குழாயை எடுத்தான். எந்தக் குழந்தைக்கும் தெரிகிற விஷயம்தான்: தூரக் கண்ணாடியை மாற்றிப் பிடித்தால் கிட்டத்தில் இருப்பது எட்டத்தில் போகும். ஒச்சம்மா அந்தச் சந்தைக் கால் அகட்டித் தாண்டி வீட்டுப் பின்வாசலுக்குப் போய் அவனைப் பார்த்து நின்றாள். "என்னப் பாருங்க" என்றாள். "நான் போறேன். வீடும் மலையும் பழையபடி போகட்டும். பொம்பளைக என்னைத் திட்டினாத் திட்டட்டும். மரம் வந்துரும்ல."

அவன் பெரிய முனையில் கண்ணை வைத்தான். உள்ளே, விரல்நகம் அளவுக்கு, வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருக்கிற மனைவி தெரிந்தாள். வீடு ஒரு முழம் பின்னால் போனது. அவள் முகம் சின்னதாவதைப் பார்த்ததும் அவன் கண் தானாக மூடிக்கொண்டது, வீடு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மறுபடி பார்த்தான், மறுபடி மூடிக்கொண்டது. பொழுது இறங்குகிறவரை முயற்சி செய்தான். பையை எடுத்துக்கொண்டு அவள் போன அன்று அவளைத் தடுக்காமல் நின்ற ஆள், இன்று அவளை அனுப்ப முடியாமல் நின்றான்.

"எனக்கு வரல" என்றான். "ஒன்ன மறுபடியும் அனுப்ப எனக்கு வரல ஒச்சம்மா."

அவள் சந்தைத் தாண்டி வந்து அவன் கையிலிருந்து குழாயை வாங்கினாள். அதன் சில்லை முந்தானையால் துடைத்தாள்.

"அப்ப நீங்க நில்லுங்க" என்றாள். "எனக்கு வரும்."

வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிய துப்பாக்கியைப் பரணின் காலில் சாய்த்து வைத்துவிட்டு, சந்துக்குள் நடந்து, சுவருக்கும் வேலிக்கும் நடுவே அவளைப் பார்த்துத் திரும்பி நின்றான். "அன்னைக்கு நீ கூப்பிட்டப்ப எறங்கி வந்திருக்கணும்" என்றான். "ஆமா" என்றாள் அவள். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். பிறகு அவள் குழாயின் பெரிய முனையில் கண்ணை வைத்தாள்.

பழம் பறித்து முடித்துக் கூடைகளோடு வந்த எங்களில் சிலர் அதைப் பார்த்தோம். அவன் அந்தச் சந்துக்குள்ளேயே தூரமானான். சுவர் நகரவில்லை, வேலி நகரவில்லை, மலை தன் இடத்தில் நின்றது. சொந்த நிலம் இல்லாத ஆள் என்பதால் அவனோடு எதுவும் போகவில்லை. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் மட்டும் மண் விரிந்தது. முதலில் முள்ளுச்செடிகள் வந்தன, பிறகு ஒரு கரையான் புற்று வந்தது, பிறகு மழையில்லாத பூமியின் வாசனை வந்தது, அவன் ஒரு குழந்தை அளவுக்குச் சிறுத்திருந்தபோது எங்கள் கண்ணெதிரே அந்த இலவமரம், நெற்று வெடித்த பஞ்சோடு, இரண்டு பேருக்கும் நடுவில் எழுந்து நின்றது. அதன் அடியில் நாங்கள் எல்லோரும் மறந்துபோயிருந்த சின்ன மண்மேடு இருந்தது. ஒச்சம்மா குழாயைக் கீழே இறக்கினாள். அவள் கண்ணைச் சுற்றி அந்த முனையின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மரத்துக்கு நடந்து போய்ப் பாலை ஊற்றினாள். அதன் பிறகு மரத்தைத் தாண்டி அவனை நோக்கி நடந்தாள். இருட்டுகிறவரை நடந்தாள். கண்ணாடி போட்ட தூரம் நடந்து தீரவில்லை. அவன் அதே இடத்தில், அதே அளவில், அவளைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

இதற்கும் நாங்கள் பழகிக்கொண்டோம். தோட்டத்திலிருந்து பாறையடிக்குப் போகிறவர்கள் சந்தை ஒரே எட்டில் தாண்டுகிறார்கள். தாண்டுமுன் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். சந்தின் வாயில் நின்று உள்ளே நடக்கிறவர்களுக்கு அந்தக் காடு இருக்கிறது, மரம் வரைக்கும் போகலாம். சிலம்பாயி தினமும் ஒரு தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட்டு வருகிறாள். அந்தப் பக்கத்திலிருந்து அவனுக்கும் மரம் எட்டுகிறது போலிருக்கிறது, அதுவும் யாரும் இல்லாத நேரத்தில் மட்டும். மறுநாள் வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். மேட்டில் புல் முளைக்காமல் யாரோ பிடுங்கியிருப்பார்கள். மண்ணில் அவன் காலடி இருக்கும். தலை நிமிர்ந்து பார்த்தால் அவன் அந்தப் பக்கம், தூரத்தில் நிற்பான். எங்கள் பழம் இன்னும் புளிக்கத்தான் செய்கிறது. ஜூஸ் கம்பெனிக்குப் போடுகிறோம். பழசு புதுசு என்று யாரும் பேசுவதில்லை.

பரண் காவலுக்கு ஆள் வேண்டும் என்று கூடலிங்கம் தேடியபோது ஒச்சம்மா தானே வந்து கேட்டாள். அவளுக்குக் குறி சீக்கிரம் பிடிபட்டது. பகலெல்லாம் கறுப்புக் கண்ணாடியில் தகரத்தைப் பார்த்து அடிக்கிறாள். சாயங்காலம் பறவைகள் அடைந்ததும் துப்பாக்கியைக் கைப்பிடிக் கம்பில் சாய்த்து, சந்தின் வாய்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறாள். புதுக் கண்ணாடியில் எல்லாம் தெரிகிறது. முதலில் மரம், அதன் அடியில் மேடு, திருகை இன்னும் கொஞ்சம் திருகினால் அதற்கப்பால் அவன். நரைத்த தாடி தெரிகிறது, கழுத்துச் சுருக்கம் தெரிகிறது, அவன் இமை கொட்டுவது தெரிகிறது. அவனும் அவளைத்தான் பார்க்கிறான்.

பித்தளைக் குழாய் அவள் இடுப்பில் இருக்கிறது. இரண்டு முனையிலும் இலவம்பஞ்சை அடைத்து வைத்திருக்கிறாள்.

ஒரு நாள் பரணடியில் நின்று கூடலிங்கம் கேட்டார். கேட்கக்கூடாது என்று அவருக்கே தெரியும், ஆனாலும் மனசு கேட்காமல் கேட்டார். "ஏம்மா, பழசு ஒங்கிட்டத்தான இருக்கு. அவன் ஒன்னத்தான பாத்துக்கிட்டு நிக்கிறான். ஒரு பொழுது அதுல நேராப் பாத்தீன்னா வந்துருவான்ல?"

"வந்துருவாருண்ணே" என்றாள் ஒச்சம்மா, கண்ணை எடுக்காமல். "நடுவுல அவ படுத்திருக்காளே."

கூடலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். இருட்டு பரணைத் தாண்டி ஊருக்குள் இறங்கியது. கறுப்புக் கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி எரிய ஆரம்பித்தது; அவள் அதை அவன்மேல் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தாள். எதுவும் பக்கத்தில் வரவில்லை.